இனா நெலா சொல்லாமல் விட்ட வரி

"குரு, நீங்க பட்டம் வாங்கின ஆளுன்னு சொன்னாங்களே. முப்பத்தொண்ணு வரைக்கும் எண்ண வராதா?"

இனா நெலா என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான். இங்கே பெண்களை இனா, ஆண்களை அமா என்று மரியாதையாகச் சொல்வார்கள், வாத்தியாரைக் குரு என்பார்கள். பள்ளிக்கூட வாசலில், தலையில் சோளக் கூடையோடு, வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு நின்றாள். கையில் நான் எழுதி ஒட்டிய பட்டியல். சுவரிலிருந்து கிழித்தே கொண்டுவந்துவிட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் மலைக் கிராமத்திலிருந்து மாகாணத் தலைநகர் குப்பாங் போய்ப் பல்கலைக்கழகப் படி ஏறிய முதல் ஆள் நான். பட்டத்தோடு திரும்பிய நாளில் எங்கள் வீட்டில் இரண்டு பன்றி வெட்டினார்கள். இந்தோனேசியாவின் லெம்பாட்டாத் தீவில் இருக்கும் இந்தக் கடற்கரை ஊர்ப் பள்ளிக்கு வேலைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. எழுதத் தெரிந்தவன் என்று அன்பியத்தின் எழுத்தர் வேலையையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். முப்பத்தொரு கத்தோலிக்க வீடு சேர்ந்த செபக் குழுதான் அன்பியம். அக்டோபர் செபமாலை மாதம் முழுக்க மாதா சிலை, எங்கள் பேச்சில் சுரூபம், நாளுக்கொரு வீடாகப் போகும். எந்த நாள் எந்த வீடு என்று எழுதுவதுதான் என் வேலை. நான் எழுதிய பட்டியலில் முப்பது வீடுதான் இருந்தது. கடைசியில் வரும் இனா சென்சியின் வீட்டுக்கு இரண்டு நாள் போட்டிருந்தேன்.

எண்ணத் தெரியாமல் இல்லை. அந்த ஒரு வீட்டை விட்டுவிடும்படி அன்பியத் தலைவர் அமா கானிஸ் சொல்லியிருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. நான்கு வருஷம் படித்தவன் கேட்டிருக்க வேண்டிய ஒரே கேள்வி அது.

"விட்டது என் வீட்டை," என்றாள். "தெரியாம விட்டீங்களா, விடச் சொல்லி விட்டீங்களா? அதை மட்டும் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

விடச் சொன்னார்கள் என்றேன். தலையை ஆட்டினாள். பட்டியலை நாலாக மடித்து என் சட்டைப் பையிலேயே செருகிவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகு விசாரித்தேன். விசாரிக்கவே தேவைப்படவில்லை. பெயரைச் சொன்னதும் கொட்டினார்கள்.

ஆகஸ்டில் அவளுடைய தாய்ப்பன்றி கயிற்றை அறுத்துக்கொண்டு பக்கத்துத் தோட்டத்து மரவள்ளியில் புகுந்திருக்கிறது. தோட்டம் இனா சென்சியுடையது. அவள் புருஷன் கோரிஸ் வெட்டுக்கத்தியோடு வந்து பன்றியை அங்கேயே வெட்டிப் போட்டான். தோட்டத்தில் வெட்டுப்பட்ட பன்றியில் பாதி தோட்டக்காரனுக்கு, பாதி பன்றிக்காரனுக்கு என்பது ஊர் முறை. மகள் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விருந்துக்கென்று நெலா வளர்த்த பன்றி அது. ஊர்த் தலைவர் முற்றத்தில் பஞ்சாயத்து கூடியது. கயிறு பழசு, தப்பு என்னுடையதுதான் என்று நெலாவே ஒப்புக்கொண்டாளாம். அதோடு எழுந்து போயிருக்கலாம். சென்சி விடவில்லை.

"கட்டின புருஷனையே கட்டி வைக்கத் தெரியல. இவளா பன்னியைக் கட்டி வைக்கப் போறா?"

நெலாவின் புருஷன் சில்வெஸ்டர் பத்து வருஷத்துக்கு முன் மலேசியாவில் சபாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறியவன். மகள் அப்போது வயிற்றில். முதல் நாலு வருஷம் ஃபோன் வந்தது. பிறகு அதுவும் இல்லை. இருக்கிறானா, செத்தானா, வேறு குடும்பம் வைத்துக்கொண்டானா, ஒருவருக்கும் தெரியாது.

முற்றத்தில் கூடியிருந்த ஊர் சிரித்திருக்கிறது. நான் அங்கே இல்லை. ஆனால் எனக்குக் கதை சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் அந்த இடம் வந்ததும் சொன்னவர் சிரித்தார். நல்ல கிறிஸ்தவர்கள். ஒருவர் சிரித்து முடித்துச் சிலுவை அடையாளமும் போட்டுக்கொண்டார்.

இங்கே எங்கள் ஆட்கள் செபம் செய்கிற அழகைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செபக்கூட்டத்தின் முடிவில் மன்றாட்டு நேரம் வரும். அவரவர் மனதில் உள்ளதைக் கடவுளிடம் உரக்கச் சொல்லலாம். சொல்லி முடித்ததும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சேர்ந்துகொள்ள வேண்டும். எங்கள் ஊர்ச் சண்டையில் பாதி நடப்பது இந்த நேரத்தில்தான். முகத்தைப் பார்த்துச் சொன்னால் திட்டு, கண்ணை மூடிக்கொண்டு சொன்னால் செபம். ஆடு களவு போனவள், எடுத்தவனை மனம் திருப்பும் ஆண்டவரே என்பாள். பெயரைச் சொல்ல மாட்டாள். ஆட்டின் நிறத்தையும் அது கடைசியாகத் தென்பட்ட வேலியையும் சொல்வாள். எடுத்தவனும் கூட்டத்தில் உட்கார்ந்து, கேட்டருளும் என்பான்.

இதில் கைதேர்ந்தவள் இனா சென்சி. பெண்கள் செபத்தை நடத்துபவளே அவள்தான். பன்றி விவகாரம் முடிந்த முதல் வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, கண்ணை மூடி, பன்றியைக் கட்டாமல் விடுகிறவர்களை நான் முழு மனதோடு மன்னித்துவிட்டேன் ஆண்டவரே, அவர்களுக்கும் மன்னிக்கும் மனதைத் தாரும் என்று மன்றாடினாள். பன்றிக் கறியில் பாதியைத் தின்றவள். பேச்சு வாங்கியவள் வாயைத் திறக்குமுன் பேசியவள் மன்னித்து முடித்துவிட்டாள். முப்பது வீடும் கேட்டருளும் என்றது.

அன்று செபமாலையில் நெலா ஒரு வேலை செய்தாள். விண்ணுலகில் இருக்கிற எங்கள் தந்தையே என்ற செபத்தில், எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிப்பது போல எங்களை மன்னியும் என்று ஒரு வரி வருகிறதே, அந்த வரிக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டாள். அது தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொண்டாள். வேறு யாராவது செய்திருந்தால் தெரிந்திருக்காது. நெலாவின் குரல், கடலில் போகும் படகைக் கரையிலிருந்து கூப்பிடுகிற குரல். அந்த வரியில் கூட்டத்தின் சத்தம் எஞ்சின் நின்ற படகு போலத் தொங்கிப்போய், பிறகு தூக்கிக்கொண்டதாம். வெள்ளிக்கு வெள்ளி இதே கதை. செப்டம்பர் முழுக்க.

அமா கானிஸ் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். நெலா ஒளிக்கவில்லை.

"மத்ததெல்லாம் சொல்றேனே, அமா. அந்த ஒண்ணு இப்போதைக்கு என்கிட்ட இல்ல. இல்லாததை இருக்குன்னு ஆண்டவர் முன்னாடி உக்காந்து எப்படிச் சொல்றது?"

இதுதான் ஊருக்குப் பெரிய குற்றமாகப் பட்டது. சொந்த அண்ணனோடு எட்டு வருஷமாகப் பேச்சில்லாத கானிஸ் அந்த வரியைத் தடங்கலில்லாமல் சொல்கிறார். வேலித் தகராறில் மாமியார் சாவுக்கே போகாத ஒருத்தி ராகத்தோடு சொல்கிறாள். அவர்கள் விசுவாசிகள். பொய் சொல்ல மாட்டேன் என்று வாயை மூடியவள் வீட்டுக்கு மாதா வரக் கூடாது. சென்சி இதைச் சொல்ல, கானிஸ் என்னிடம் சொல்ல, நான் பட்டியல் எழுதினேன்.

நெலா அமா கானிஸ் வீட்டுக்குப் போனாள். சண்டை போடவில்லை, கெஞ்சினாள். அவள் எதற்காகக் கெஞ்சினாள் என்பது ஊருக்கே தெரியும். சுரூபத்துக்கு அடியில் எல்லா வீட்டிலும் நெய்த துணி விரிப்பார்கள். அவள் வீட்டில் மட்டும் சில்வெஸ்டர் விட்டுப்போன நீலச் சட்டையை மடித்து விரிப்பாள். வருஷத்துக்கு ஒரு நாள் அந்தச் சட்டைமேல் மாதா நிற்பாள். அவள் முன்னால் உட்கார்ந்து, அந்த மனுஷன் எங்கே இருந்தாலும் சோறு கிடைக்கட்டும் என்று கேட்பாள். பத்து வருஷமாக அவள் புருஷனுக்குச் செய்ய முடிந்தது அது ஒன்றுதான். அந்த நாளைத்தான் நாங்கள் பட்டியலில் அடித்திருந்தோம்.

கானிஸ் பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். முப்பத்தொன்றாம் தேதி உன் வீடு. முந்தின நாள் சுரூபம் சென்சி வீட்டில். கொடுக்கிறவளும் வாங்குகிறவளும் வாசலில் சுரூபத்தைச் சேர்ந்து பிடித்துக்கொண்டு அந்தச் செபத்தைச் சொல்வதுதானே வழக்கம்? அங்கே அந்த வரியை நீ சொன்னால் மாதா உள்ளே வருவாள், சொல்லாவிட்டால் நேரே கோயிலுக்குப் போய்விடுவாள் என்றார். அவள் முகத்தைப் பார்த்து இன்னும் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சத்தமாக்கூட வேணாம், நெலா. வாயை அசைச்சா போதும். நான் பாத்துக்குறேன்."

"உங்களை ஏமாத்தலாம், அமா. கண்ணாடி போடலேன்னா உங்களுக்கு வாயும் தெரியாது மூக்கும் தெரியாது. அவரை என்ன பண்றது?"

கானிஸ் சொன்னபடி முப்பத்தொன்றாம் தேதிக்கு நெலா வீடு என்று பட்டியலைத் திருத்தி எழுதினேன். திரும்பும் வழியில் நெலா கோயில் உபதேசியாரையும் பார்த்தாள். அவர் அக்குளில் சேவலை இடுக்கிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். நின்று பேச நேரமில்லை. மன்னிக்க வரவில்லையென்றால் சென்சிக்காகத் தினம் ஏதாவது ஒரு நல்லது கேள், அது போதும் என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். யாரையாவது சீக்கிரம் அனுப்ப வேண்டுமென்றால் எல்லாருக்கும் அவர் சொல்கிற பதில் அது. அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் செய்து பார்த்த ஒரே ஆள் நெலாதான்.

நான் தங்கியிருந்த ஆசிரியர் வீட்டுக்கும் அவள் அடுப்படிக்கும் நடுவில் மூங்கில் வேலி மட்டும். பிழைப்புக்குச் சோளம் தட்டுவாள். மண்சட்டியில் வறுபடும் சோளத்தைச் சுடச்சுட இரண்டு இரண்டாக எடுத்துக் கல்மேல் வைத்து, இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டினால் அவல் மாதிரி தட்டையாகும். பள்ளி விட்டு நான் வரும் நேரத்தில் அந்தச் சத்தம் கேட்கும். அக்டோபர் முதல் தேதியிலிருந்து தட்டுக்கு நடுவில் பேச்சும் கேட்டது. அவளுக்கு மெதுவாகச் செபம் செய்ய வராது.

"சென்சி கோழி நல்லா முட்டை வைக்கட்டும்." தட்டு. "ரெண்டு முட்டை போதும்." தட்டு.

எனக்குச் சிரிப்பு வந்தது. இதற்குச் செபிக்காமலே இருந்துவிடலாமே என்று நினைத்தேன். மறுநாள் சென்சி துணி காயட்டும் என்றாள். அடுத்த நாள் சென்சி மகனுக்கு மீன் படட்டும், பெரிய மீனாக இருக்க வேண்டாம் என்றாள். கொடுக்க மனமில்லாதவள் கொடுப்பது போலக் கிள்ளிக் கிள்ளிக் கேட்டாள். ஆனால் ஒரு நாள்கூட விடவில்லை. கேட்பதற்கு ஏதாவது வேண்டுமென்பதால், காலையில் வேலி ஓரம் நின்று சென்சிக்கு இன்று என்ன குறை என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு முன் அந்தப் பக்கம் தலையைத் திருப்பாதவள்.

மாத நடுவில் சென்சிக்குக் கடைவாய்ப்பல் வலி வந்தது.

"சென்சி பல்வலி குறையட்டும், ஆண்டவரே." தட்டு. கொஞ்ச நேரம் சத்தமில்லை. "பாதி." தட்டு.

இதை நான் மட்டும் கேட்டிருந்தால் பரவாயில்லை. தண்ணீருக்குப் போன ஒருத்தியும் கேட்டுவிட்டாள். சென்சி, பல், பாதி. அவள் காதில் விழுந்தது அவ்வளவுதான். மூன்றாம் நாள் சென்சியின் கன்னம் பப்பாளிப் பழம் போல வீங்கியது. ஊருக்கு உடனே கணக்குச் சரியாகிவிட்டது. நெலா சூனியம் வைத்துவிட்டாள். அந்த வரியைச் சொல்லாமல் விட்டது எதற்கு என்று இப்போது புரிகிறதா என்று என்னிடமே கேட்டார்கள். நுண்ணுயிர் என்று ஒன்று இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். குப்பாங்கில் இருக்கலாம் என்றார்கள்.

கானிஸ் வீட்டு முன்னறையில் அவளை உட்கார வைத்து விசாரணை நடந்தது. எழுத்தர் என்பதால் நானும் இருந்தேன். சென்சி கன்னத்தில் துணி கட்டிக்கொண்டு மூலையில் இருந்தாள். என்ன செபித்தாய் என்று கானிஸ் கேட்டார். வலி குறையட்டும்னு என்றாள். பின்னே பாதி என்றது என்ன?

"பாதி குறையட்டும்னுதான். முழுசும் குறையட்டும்னு கேக்க மனசு வரல. வராததைக் கேட்டா அதுவும் பொய். அதான் வந்த அளவுக்குக் கேட்டேன்."

அறை சிரித்தது. மறுபடியும் அதே சிரிப்பு. சென்சி மட்டும் சிரிக்கவில்லை. வாய் திறக்க முடியாததால் என்று அப்போது நினைத்தேன். விசாரணை எந்த முடிவும் இல்லாமல் கலைந்தது. மறுநாள் பள்ளியில் பிள்ளைகள் நெலாவின் மகளைச் சூனியக்காரி மகள் என்று கூப்பிட்டார்கள். அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள்.

அன்றும் மறுநாளும் வேலிக்கு அந்தப் பக்கம் கல் சத்தம் மட்டும் கேட்டது. பேச்சில்லை. அவ்வளவு ஓங்கித் தட்டினால் சோளம் தட்டையாகாது, மாவாகும். நான் எழுதிவைத்த முப்பத்தொன்றாம் தேதியை நானே மனதுக்குள் அடித்துவிட்டேன்.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம். சென்சி தன் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தது என் ஜன்னல் வழியாகவும் தெரிந்தது. தட்டின சோளத்தைத் தண்ணீரில் ஊறப்போட்டு, விரலால் மசித்து, கூழாக்கி, ஒரு பக்க வாயில் ஊற்றப் பார்த்தாள். பாதி மார்பில் வழிந்தது. முனகினாள். உள்ளே கோரிஸ் கள்ளுச்சாராயம் குடித்துவிட்டு வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஊரில் இருக்கிற புருஷன். நெலாவின் அடுப்படியில் கல் நின்றது. வெகுநேரம் நின்றது.

"போதும், ஆண்டவரே," என்றாள் நெலா. அலுப்பான குரல். "முழுசும் எடுத்துடும். எனக்குப் பாத்துக்கிட்டே இருக்க முடியல."

அவள் சொன்னதும் வீக்கம் வடிந்துவிடவில்லை. முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் சென்சி வாசலில் சுரூபத்தைத் தூக்கியபோது கன்னம் அப்படியேதான் இருந்தது. பாடிக்கொண்டே மெழுகுவர்த்தியோடு அடுத்த வாசலுக்கு வந்தோம். முப்பது வீடும் வந்திருந்தது. பக்தியால் வந்தவர்கள் ஐந்தாறு பேர் இருக்கலாம். மற்றவர்கள் நெலாவின் வாயைப் பார்க்க வந்தவர்கள். கானிஸ் மறக்காமல் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

வாசற்படியில் இரண்டு பெண்களும் சுரூபத்தை நாலு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சென்சியால் வாய் திறக்க முடியாது. ஊரை எல்லாம் செபத்தாலேயே அடித்தவள், அவளுடைய பெரிய நாளில் ஊமை. ஆக, நெலா தனியாகச் சொல்ல வேண்டும். சொன்னாள். அன்றாட உணவு வரைக்கும் குரல் கணீரென்று வந்தது. அந்த வரியில் நின்றது.

கடல் சத்தம் கேட்டது. கானிஸ் கனைத்தார். பின்னால் யாரோ, பார்த்தியா, நான் சொல்லல என்று முணுமுணுத்தார்கள். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே மேசைமேல் அந்த நீலச் சட்டை மடித்து வைத்திருந்தது தெரிந்தது. நெலா மூடியிருந்த கண்ணைத் திறந்தாள்.

"நீ சொன்னது இன்னும் வலிக்குது, சென்சி. போயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆனா அதுக்குப் பதிலா உனக்கு வலிக்கணும்னு எனக்கு இப்ப இல்ல."

பிறகு கண்ணை மூடிக்கொண்டு, எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் மன்னிக்கப் பார்ப்பது போல, எங்களையும் மன்னிக்கப் பாரும் என்று சொல்லி, மிச்சத்தை முடித்து ஆமென் என்றாள்.

யாரும் ஆமென் சொல்லவில்லை. இது செல்லுமா என்பதுதான் அப்போது எல்லாருக்கும் இருந்த கவலை. கானிஸ் உபதேசியாரைப் பார்த்தார். உபதேசியார் மெழுகுவர்த்தியைப் பார்த்தார். கடைசியில் இரண்டு பேரும் படித்தவன் என்று என்னைப் பார்த்தார்கள். முப்பத்தொன்றாம் தேதி நெலா வீடு என்று பட்டியலில் இருக்கிறது என்றேன். எழுத்தில் இருப்பதற்கு எங்கள் ஆட்கள் பயப்படுவார்கள். வழிவிட்டார்கள்.

சென்சி மட்டும் சுரூபத்திலிருந்து கையை உடனே எடுக்கவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. பல்வலியா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியாது. நெலா பொறுத்திருந்தாள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே உள்ளே தூக்கிப் போய், சட்டைமேல் மாதாவை வைத்தார்கள்.

மறுநாள் காலை கோரிஸ் எழுந்திருக்கவில்லை. பலகை போட்ட லாரியில் சென்சியை லேவோலேபா நகரத்துக்குக் கூட்டிப்போய்ப் பல்லைப் பிடுங்க வைத்துக் கூட்டி வந்தவள் நெலாதான். வழி முழுக்கச் சென்சி அவள் தோளில் சாய்ந்திருந்தாளாம். இதையும் ஊர் சிரித்துக்கொண்டே சொன்னது.

அடுத்த வெள்ளிக்கிழமை செபத்துக்கு நானும் போயிருந்தேன். மன்றாட்டு நேரத்தில் சென்சி எழுந்தாள். பழைய வாய் திரும்பிவிட்டது. என் விசுவாசத்தைப் பார்த்து என்னைக் குணமாக்கியதற்கு நன்றி ஆண்டவரே என்றாள். லாரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முற்றத்தில் சொன்னதைப் பற்றியும் இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பிப் பார்த்தால் நெலா உள்ளங்கையால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் கேட்டேவிட்டேன்.

"விடுங்க, குரு," என்றாள். "நான் கேட்டது அவ பல்லுக்குத்தான். அவ மாறணும்னு எப்பக் கேட்டேன்?"

இதெல்லாம் நடந்து மூன்று வருஷம் ஆகிறது. இனா நெலா அதே வீட்டில் இருக்கிறாள், சோளம் தட்டி விற்கிறாள். மகளுக்குப் புதுநன்மை முடிந்தது. சின்னப் பன்றிதான், ஆனால் விருந்தில் குறை இல்லை. சில்வெஸ்டரிடமிருந்து செய்தி இல்லை. சென்சி பக்கத்து வீட்டில் இருக்கிறாள், பெண்கள் செபத்தை இன்னும் அவள்தான் நடத்துகிறாள். நெலா அந்த வரியைப் பெரும்பாலான நாட்களில் புத்தகத்தில் உள்ளபடி சொல்கிறாள். சில நாட்களில் சொல்வதில்லை. பட்டியலில் முப்பத்தொரு வீடு இருக்கிறது.